தேனீ பெண்ணா, சொல் பெண்ணா? வேத வரிகளில் பூச்சி தேடுபவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வருடத்துக்கு இரண்டு தடவையாவது அந்த வட்ஸ்அப் செய்தி எனக்கு வந்துவிடும். கீழே ஒரு தேனீயின் படம். மேலே பெரிய எழுத்தில், வேலை செய்யும் தேனீக்கள் எல்லாம் பெண் என்று விஞ்ஞானம் அண்மையில்தான் கண்டுபிடித்தது, குர்ஆன் அதை 1400 வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டது என்று இருக்கும். கடைசியாக அதைக் காட்டியவன் வவுனியாவில் என்னிடம் உயர்தரத் தமிழ் படிக்கிற பொடியன். பக்கத்தில் இருந்தவன் மடுப் பக்கத்துப் பிள்ளை. "எங்கட வேதாகமத்திலயும் எறும்பு பொம்பிளைதான் சேர்" என்றான். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

எனக்குத் தெரிந்தது தொல்காப்பியமும் நன்னூலும். அரபும் தெரியாது, எபிரேயமும் தெரியாது. ஆனால் கேள்வி இலக்கணக் கேள்வி. அதை விட்டுவிட மனம் வரவில்லை. ஒரு மௌலவியோடும், குருமடத்தில் எபிரேயம் படித்த ஒருவரோடும் சில மாதம் குந்தியிருந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாகத் தருகிறேன். இப்படி ஒரு செய்தி உங்கள் கைக்கு வந்தால் நீங்களே சரிபார்க்கலாம். மொழி வல்லுநராக இருக்கத் தேவையில்லை. சொல்லுக்குச் சொல் பொருள் போட்ட ஒரு பதிப்பும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதல் படி: தமிழ் மொழிபெயர்ப்பை மூடி வையுங்கள்

நம்பிக்கைக் குறைவால் சொல்லவில்லை. தமிழில் இந்தக் கேள்வியே தெரியாது, அதனால்தான். நமக்குத் தேனீ அஃறிணை. ஒன்று என்றால் "வந்தது", பல என்றால் "வந்தன". ஆணோ பெண்ணோ, வினையில் அடையாளம் இல்லை. களிறும் வந்தது, பிடியும் வந்தது. தொல்காப்பியத்தின் மரபியல் களிறு, சேவல், கடுவன் என்று ஆணுக்கும், பிடி, பேடை, மந்தி என்று பெண்ணுக்கும் வரிசையாகப் பெயர் தருகிறது. அந்த வேறுபாடு பெயரோடு நின்றுவிடும், வினைக்குப் போகாது.

ஏவலில் இன்னும் மோசம். "நீ கூடு கட்டு" என்றால் அது ஆணுக்கா, பெண்ணுக்கா, மாட்டுக்கா என்று யார் சொல்ல முடியும்? ஆகவே குர்ஆனின் 16ஆவது அத்தியாயமான அந்நஹ்லின் 68, 69ஆம் வசனங்களைத் தமிழில் எத்தனை தரம் வாசித்தாலும் பெண்பால் கண்ணில் படாது. நீதிமொழிகள் 6:6உம் அப்படித்தான். சோம்பேறியை எறும்பிடம் அனுப்பி "அதின் வழிகளைப் பார்த்து" என்கிறது தமிழ் வேதாகமம். அங்கே இருப்பது "அதின்". எபிரேயத்தில் இருப்பது "அவளுடைய".

இரண்டாம் படி: வினையைப் பிடியுங்கள்

மூலத்தில் பூச்சியோடு சேர்ந்து வரும் வினைகளையும் சுட்டுகளையும் மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தேனீ வசனத்தில் கிடைப்பவை: "இத்தகிதீ" (அமைத்துக்கொள்), "குலீ" (உண்), "உஸ்லுகீ" (வழி நட), "ரப்பிகி" (உன் இறைவன்), "புதூனிஹா" (அதன் வயிறுகள்). முதல் மூன்றின் கடைசியில் நிற்கும் அந்த "ஈ" பெண்பால் ஏவலின் அடையாளம். ஆணிடம் சொல்வதென்றால் "இத்தகித்", "குல்", "உஸ்லுக்" என்று வரும்.

ஆக, செய்தியின் முதல் பாதி சரி. வினைகள் பெண்பால்தான். வேலைக்காரத் தேனீக்கள் பெண் என்பதும் சரி. கூடு கட்டுவதும், பூவுக்குப் போவதும், தேன் சேர்ப்பதும் அவைதான். ஆண் தேனீ இதில் ஒன்றும் செய்யாது. பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். இனித்தான் சங்கதியே இருக்கிறது.

மூன்றாம் படி: சொல்லுக்கு என்ன பால் என்று கேளுங்கள்

அரபில் எல்லாப் பெயரும் ஆண்பால் அல்லது பெண்பால். நடுவில் ஒன்றும் இல்லை. சூரியன் (ஷம்ஸ்) பெண்பால், சந்திரன் (கமர்) ஆண்பால், வீடு ஆண்பால், நிலம் பெண்பால். சூரியனுக்குப் பெண்பால் வினை வருவதால் சூரியன் பெண் என்று எந்த அரபியும் சொல்லமாட்டான். வினை பொருளைப் பார்ப்பதில்லை, சொல்லைப் பார்த்து அதற்கு இசைந்து வருகிறது.

நஹ்ல் என்பது தொகுதிப் பெயர். தேனீ என்ற இனம் முழுவதையும் குறிக்கும். அதில் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் கடைசியில் ஓர் ஒட்டுச் சேர்த்து "நஹ்லா" என்பார்கள். நாம் நெல் என்றும் நெல்மணி என்றும் சொல்வதுபோல. எறும்பும் அப்படியே: நம்ல் இனம், நம்லா ஒன்று. ஒன்றைக் குறிக்கும் அந்த ஒட்டு பெண்பால் ஒட்டின் வடிவம் கொண்டது. அதனால் நம்லா எப்போதும் பெண்பால் வினையையே எடுக்கும், அந்த எறும்பு எதுவாக இருந்தாலும்.

இந்த வகைத் தொகுதிப் பெயர்களை ஹிஜாஸ் பகுதியின் அரபு பெண்பாலாக வழங்கும் என்று பழைய குர்ஆன் உரைகாரர் குர்துபி தம் விரிவுரையில் இதே தேனீ வசனத்தின் கீழ் எழுதியிருக்கிறார். மக்காவும் மதீனாவும் ஹிஜாஸில்தான் இருக்கின்றன.

நான்காம் படி: அதே நூலில் மற்றப் பூச்சிகளைத் தேடுங்கள்

முழு வழிகாட்டியிலும் ஒரு படியைத்தான் செய்ய நேரம் உண்டு என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு விதி உண்மையா என்று பார்க்க, அது வேலை செய்யும் இடத்தை மட்டும் பார்த்தால் போதாது. எல்லா இடத்திலும் போட்டுப் பார்க்க வேண்டும். விதி இதுதான்: வினையின் பால், பூச்சியின் உண்மைப் பாலைக் காட்டும். போட்டுப் பார்ப்போம்.

ஈ, குர்ஆன் 22:73. "துபாப்" ஆண்பால், வினையும் ஆண்பால். பண்டத்தைப் பறித்துக்கொண்டு போகும் ஈ என்று வருகிறது. ஈயில் ஆணும் பறிக்கும், பெண்ணும் பறிக்கும். விதி இங்கே ஒன்றும் சொல்லவில்லை.

வெட்டுக்கிளி, 54:7. அடைமொழி ஆண்பால். பரவிக் கிடக்கும் விட்டில், 101:4. அதுவும் ஆண்பால். இரண்டிலும் கூட்டத்தில் ஆண் பெண் இரண்டும் உண்டு.

சிலந்தி, 29:41. பெண்பால் வினை. (சிலந்திக்கு எட்டுக் கால், அது பூச்சியே இல்லை, ஆனால் இந்தச் செய்திகளில் எப்படியும் வந்துவிடும்.) பெண்தான் வலை பின்னும் என்று சேர்த்துச் சொல்வார்கள். வலை பின்னும் இனங்களில் ஆண் குஞ்சுகளும் பின்னும். வளர்ந்த பிறகு பல இனங்களில் ஆண் அதை விட்டுவிட்டுத் துணை தேடி அலையும். பாதி உண்மை.

கறையான், 34:14. சுலைமான் நபி தம் கோலில் சாய்ந்தபடியே இறந்துவிட, "பூமியின் உயிரி" கோலை அரிக்கும்வரை யாருக்கும் தெரியவில்லை என்ற வரலாறு. உரைகாரர்கள் அதைக் கறையான் என்கிறார்கள். உயிரி என்பதற்கான "தாப்பா" பெண்பால் சொல். "தஃகுலு" என்ற வினையும் பெண்பால். ஆனால் கறையான் தேனீ மாதிரி இல்லை. வேலைக்காரரில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. புற்றுக்குள் ராணியோடு ராஜாவும் கடைசிவரை குடியிருப்பார். விதி இங்கே உடைகிறது.

எறும்பு, 27:18. இதை நான் மிகவும் ரசித்தேன். "காலத் நம்லதுன்", ஓர் எறும்பு சொன்னாள். பெண்பால். என்ன சொன்னாள்? "எறும்புகளே, உங்கள் இருப்பிடங்களுக்குள் நுழையுங்கள், சுலைமானும் படைகளும் உங்களை மிதித்துவிடக் கூடாது." அந்த "உத்குலூ" (நுழையுங்கள்) ஆண்பால் பன்மை. ஒரே வசனத்தில் பேசும் எறும்பு பெண்பாலிலும் கேட்கும் எறும்புகள் ஆண்பாலிலும் நிற்கின்றன. நிலத்தில் ஓடும் வேலைக்கார எறும்புகள் அத்தனையும் பெண்தான். இலக்கணத்தை விலங்கியலாக வாசித்தால் முதல் சொல்லில் வெற்றி, ஐந்தாவது சொல்லில் தோல்வி.

ஏன் அங்கே ஆண்பால் பன்மை? மௌலவி தந்த விளக்கம்: பேசி, விளங்கி, நடக்கிறவையாக எறும்புகள் காட்டப்படுவதால் அறிவுள்ளோருக்கு உரிய பன்மை வந்தது. கேட்டதும் சிரித்துவிட்டேன். இது நம்முடைய திணை வழுவமைதியேதான். பிள்ளைகளுக்குக் கதை சொன்னால் நரி "நரியார்" ஆகி "வந்தார்" என்று நடக்கிறதே. மாட்டை அன்போடு "என் அம்மை வந்தாள்" என்றால் அது பிழை இல்லை, உவப்பினால் வந்தது என்கிறது நன்னூல் மரபு. புளியங்குளத்துக்கு அருகே புதூரில் நாம் கும்பிடுவதும் நாகம் அல்ல, நாகதம்பிரான். பாம்புக்கு அங்கே "அது" சொல்லிப் பாருங்கள், பொங்கலுக்கு வந்த கிழவி விடமாட்டா.

கடைசிச் சோதனை பூச்சியே இல்லை, பேரீச்ச மரம். நஹ்ல் போலவே நக்ல் என்பதும் தொகுதிப் பெயர். அழிந்துபோன ஆது கூட்டத்தாரை விழுந்த பேரீச்சந் தண்டுகளுக்கு ஒப்பிடும் இடம் குர்ஆனில் இரண்டு உண்டு. 54:20இல் அந்தச் சொல்லுக்கு ஆண்பால் அடைமொழி, 69:7இல் பெண்பால் அடைமொழி. அதே மரம், அதே உவமை. ஓசையும் வழக்கும் சேர்ந்து பாலைத் தீர்மானிக்கின்றன. மரத்தை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை.

ஐந்தாம் படி: வேறு மொழிக்குப் போய் வாருங்கள்

மடுப் பக்கத்துப் பிள்ளையின் எறும்பை இப்போது பார்க்கலாம். நீதிமொழிகள் 6:6-8இல் "நெமாலா" ஒருமை, பெண்பால்; கோடையில் தன் ஆகாரத்தைச் சேர்க்கிறாள். அதே நூலின் 30:25க்குப் போனால் "நெமாலீம்" என்று பன்மை, ஆண்பால் விகுதியோடும் ஆண்பால் வினையோடும். கோடையில் ஆகாரம் சேர்க்கும் அதே வேலைதான். தேனீயும் அப்படி. ஒருமை "தெவோரா" பெண்பால் (நியாயாதிபதி தெபொராளின் பெயர் இதுதான்), பன்மை "தெவோரீம்".

வடமொழியில் இன்னும் வேடிக்கை. சாந்தோக்கிய உபநிடதம் 6:9இல் பல மரத்துச் சாற்றை ஒன்றாக்கித் தேன் செய்பவை "மதுக்ருத:", ஆண்பால். பிரச்ன உபநிடதம் 2:4இல் தேனீக்கள் "மக்ஷிகா:", பெண்பால். ஆனால் அவை பின்தொடர்ந்து பறப்பது "மதுகரராஜன்" என்ற அரசனை. வேலைக்காரர் பெண் என்பது சரியாக வந்தது, தலைவி ஆணாகிப்போனாள். இலக்கணத்தை நம்பினால் இரண்டையும் நம்பவேண்டும்.

கிரேக்கத்தில் தேனீ "மெலிஸ்ஸா", பெண்பால். அரிஸ்டாட்டில் அந்தச் சொல்லைத்தான் தினமும் பயன்படுத்தினார். அப்படியிருந்தும் வேலைக்காரத் தேனீ பெண்ணாக இருக்க முடியாது என்று வாதாடினார். காரணம், அவற்றுக்குக் கொடுக்கு உண்டு. இயற்கை பெண்ணுக்கு ஆயுதம் கொடுப்பதில்லையாம். (வன்னியில் இருந்துகொண்டு இதை வாசித்தபோது எனக்கு வந்த சிரிப்பை இங்கே எழுதவில்லை.) ஆனால் தேனீ பெண், கொடுக்கில்லாத சோம்பேறித் தேனீ ஆண் என்று சிலர் சொல்வதாகவும் அவரே குறித்திருக்கிறார். கிறிஸ்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டிலேயே அந்தக் கருத்து உலாவியிருக்கிறது. "அதற்கு முன் யாருக்கும் தெரியாது" என்ற வரி இதோடு போகிறது.

"அண்மையில்தான்" என்பதும் கொஞ்சம் தளர்ந்த சொல். ராணி முட்டையிடும் பெண் என்று ஸ்பெயினில் லூயிஸ் மெண்டெஸ் டி டோரஸ் 1586இல் எழுதினார். இங்கிலாந்தில் சார்ள்ஸ் பட்லர் தன் தேனீ நூலுக்குப் "பெண்ணரசு" என்ற பொருளில் 1609இல் தலைப்பிட்டார். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் சுவாமர்டாம் ராணியை நுணுக்குக்காட்டியின் கீழ் வெட்டி முட்டைப்பையையே காட்டினார்.

தமிழிலும் ஒரு கோத்தும்பி உண்டு. மாணிக்கவாசகர் தில்லையானிடம் "சென்றூதாய் கோத்தும்பீ" என்று அனுப்பும் வண்டு. கோ என்றால் அரசன். அதை வைத்துக்கொண்டு மாணிக்கவாசகருக்கு ராணித் தேனீ தெரியாது என்று ஒருவர் கட்டுரை எழுதினால் நமக்கு எப்படி இருக்கும்? அவர் உயிரியல் எழுதவில்லை, உருகிக்கொண்டிருந்தார்.

ஆறாம் படி: பழைய உரைகாரரிடம் கேளுங்கள்

நமக்கு இன்று தோன்றும் கேள்வி பெரும்பாலும் பழையவருக்கும் தோன்றியிருக்கும். ஸமக்ஷரீ (இறப்பு 1144) தம் உரையில் ஒரு கதை சொல்கிறார். கதாதா என்ற பெரிய அறிஞர் கூஃபாவுக்கு வந்து, விரும்பியதைக் கேளுங்கள் என்றாராம். அப்போது இளைஞராக இருந்த அபூ ஹனீஃபா, சுலைமான் வரலாற்றில் பேசிய எறும்பு ஆணா பெண்ணா என்று கேட்கச் சொன்னார். கதாதா வாயடைத்துப் போனார். "பெண், ஏனென்றால் காலத் என்று வருகிறது" என்று அபூ ஹனீஃபாவே பதிலும் சொன்னார்.

செய்தி அனுப்புகிறவர்கள் இத்தோடு நிறுத்திவிடலாம். ஆனால் கிரனாடாவில் பிறந்த இலக்கணக்காரர் அபூ ஹய்யான் (இறப்பு 1344) இதை ஏற்கவில்லை. நம்லா என்பது புறாவைக் குறிக்கும் ஹமாமா போன்ற சொல்; ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது; சொல்லின் வடிவத்துக்காக வினை பெண்பாலானதே ஒழிய எறும்பின் பால் அதிலிருந்து தெரியாது என்றார். நாங்கள் சில மாதம் மினக்கெட்டுக் கண்டுபிடித்ததை அவர் ஏறத்தாழ 700 வருடத்துக்கு முன்பு எழுதி வைத்துவிட்டார். இந்தக் கேள்வியை எழுப்பினால் மார்க்கத்துக்கு எதிரானவர் என்று நினைக்கிற ஆட்களுக்கு நான் காட்டுவது இந்த இரண்டு பெயரையும்தான். சண்டை அவர்கள் வீட்டுக்குள்ளேயே, மரியாதையாக நடந்திருக்கிறது.

ஏழாம் படி: வெளியே போய்ப் பூச்சியைப் பாருங்கள்

சரி, புத்தகத்தை மூடுங்கள். பெட்டியில் தேனீ வளர்ப்பவர் யாராவது பக்கத்தில் இருந்தால், மத்தியான வெயிலில் வாசல் பக்கம் நில்லுங்கள். கறுத்து, உடம்பு பருத்து, கண் பெருத்த சில வரும். அவை ஆண். கொடுக்கு இல்லை, பயப்படாமல் கையில் பிடிக்கலாம். அடையில் நம் நாட்டுத் தேனீயின் ஆண் அறைக்கு மூடியின் நடுவில் ஊசித் துளை ஒன்று இருக்கும். அதைக் காட்டினால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

மாமரத்து முசுறு கடித்தால் கடித்தது பெண். ஆண் முசுறு சிறியது, கறுத்தது, சிறகுள்ளது. சோடி சேர்ந்த கையோடு செத்துப்போகும்.

ஐப்பசியில் முதல் மழை விழுந்து வெளிச்சத்துக்கு ஈசல் பறக்கும்போது ஒரு சிம்னி விளக்கைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பாருங்கள். சிறகை உதிர்த்த ஈசல்கள் இரண்டிரண்டாக, ஒன்றின் வாலை ஒன்று தொட்டபடி ஓடும். பொதுவாக முன்னே போவது பெண், பின்னே ஓடுவது ஆண். அந்த ஆண்தான் பிறகு புற்றுக்குள் ராஜா.

எட்டாம் படி: உண்மையில் அவர்கள் அறிந்திருந்ததைக் கண்டுகொள்ளுங்கள்

பால் கதையை விட்டுவிட்டால் வேதங்களில் பூச்சி பற்றிய அறிவே இல்லையென்று ஆகாது. விகுதியைத் தோண்டிக்கொண்டிருந்ததால் நல்லவை கண்ணில் படவில்லை என்பதுதான் என் குறை. மலை, மரம், மனிதர் கட்டுவது என்று தேனீ கூடு வைக்கும் மூன்று இடத்தை அந்நஹ்ல் சொல்கிறது. நம் காட்டில் தேன் எடுப்பவரும் மரக்கிளை, பொந்து, சுவர் என்று அப்படித்தான் பிரிப்பார். தேன் வயிற்றிலிருந்து வருகிறது என்பதும் நல்ல கவனிப்பு. பூச்சாறு வீட்டுக்கு வருவது தேனீயின் தேன்பையில்தான்.

நீதிமொழிகளின் எறும்புக்கு ஒரு வழக்கே நடந்தது. எறும்பு தானியம் சேர்க்காது, சாலொமோனுக்குத் தெரியவில்லை என்று வட ஐரோப்பியப் படிப்பாளிகள் சிலர் நீண்டகாலம் நினைத்தார்கள், ஏனென்றால் அவர்கள் ஊர் எறும்பு சேர்ப்பதில்லை. மொக்ரிட்ஜ் என்ற ஆங்கிலேயர் பிரான்சின் தென்கரையில் எறும்புகள் விதை சுமந்து களஞ்சியத்தில் வைப்பதைத் தோண்டிப் பார்த்து 1873இல் நூலாக எழுதியபோது வழக்கு முடிந்தது. எங்கள் களத்தில் குரக்கன் காயப் போட்ட எந்தக் கிழவியைக் கேட்டிருந்தாலும் அவ்வளவு தூரம் போயிருக்கத் தேவையில்லை. அந்த எறும்புக்குத் தலைவனும் இல்லை, மேற்பார்வையாளனும் இல்லை என்ற 6:7ஐயும் கவனியுங்கள். ராணி முட்டையிடுவாள், கட்டளையிடமாட்டாள்.

தொல்காப்பியம் வேதம் இல்லைதான், ஆனால் விடமுடியவில்லை. "சிதலும் எறும்பும் மூவறி வினவே" என்று கறையானுக்கும் எறும்புக்கும் தொடுகை, சுவை, மணம் மூன்றைக் கொடுத்துவிட்டு, நண்டுக்கும் தும்பிக்கும் கண்ணையும் சேர்த்து நான்காக்குகிறது. வேலைக்காரக் கறையான்களில் பெரும்பாலானவை குருடு என்பதை நினைத்தால் அந்தக் கோடு கிழித்த கை புற்றை உடைத்துப் பார்த்த கைதான். எறும்புக்குக் கண் உண்டு, அதில் தவறினார்கள். பரவாயில்லை.

நம்முடைய மாதோட்டத்துக்கு வருவோம். திருக்கேதீச்சரத்தைப் பாடிய சம்பந்தர் "வண்டு பண்செயு மாமலர்ப் பொழில்" என்கிறார். செய்யும் என்ற அந்த எச்சத்துக்குத் திணையும் இல்லை, பாலும் இல்லை, எண்ணும் இல்லை. ஒரு வண்டா, ஆயிரமா, ஆணா, பெண்ணா, எதுவும் சொல்லாமல் பொழில் முழுக்க ரீங்காரம் கேட்கிறது.

ஒன்பதாம் படி: பதில் எழுதுவது

சுருக்கமாக எழுதுங்கள், குழுவில் அல்ல, அனுப்பியவருக்குத் தனியாக. முதலில் சரியானதைச் சொல்லுங்கள்: வினை பெண்பால், வேலைக்காரத் தேனீயும் பெண். பிறகு 27:18இன் "உத்குலூ"வையும் 34:14இன் கறையானையும் காட்டி, இவற்றை எப்படி வாசிப்பது என்று கேள்வியாக விடுங்கள். அபூ ஹய்யான் பெயரையும் போடுங்கள். அந்தப் பொருத்தத்தில் ஒருவர் இறைவனின் கையைக் கண்டால் அது அவருடைய நம்பிக்கை. அதை நிரூபிக்கவோ மறுக்கவோ இலக்கணத்துக்கு வேலை இல்லை. "விஞ்ஞான ஆதாரம்" என்ற சொல்லோடு மட்டும்தான் நமக்குப் பேச்சு.

அந்தப் பொடியனுக்கு இதைத்தான் சொன்னேன். வீட்டில் வாப்பாவிடம் காட்டியிருக்கிறான். அடுத்த கிழமை வந்து, "சேர், வாப்பா கேட்கச் சொன்னவர், தமிழில சூரியன் ஆண்பாலா?" என்றான். "வந்தது" என்றால் அஃறிணை, "சூரிய பகவான் வந்தார்" என்றால் உயர்திணை என்று தொடங்கினேன். மடுப் பக்கத்துப் பிள்ளை கொப்பியைத் திறந்தான்.